தேய்த்துப் பூசுவதா, அளந்து எறிவதா? டோபமைன் அளக்க இரண்டு எலக்ட்ரோடுகள்

மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைனைச் சிறுநீரில் அளக்க, கிராஃபீன் (ஓர் அணு தடிமனே உள்ள கரித் தாள்) பூசிய எலக்ட்ரோடு வேண்டும் என்று முடிவான பிறகு எங்கள் லேபில் மிஞ்சிய கேள்வி ஒன்றுதான். அந்தக் கிராஃபீனை எதன்மேல் ஏற்றுவது? எல்லா மின்வேதியியல் லேபிலும் இருக்கிற கிளாஸி கார்பன் எலக்ட்ரோடு மேலா, பிளாஸ்டிக் அட்டையில் அச்சடித்து வருகிற ஸ்கிரீன் பிரிண்டட் ஸ்ட்ரிப் மேலா? முதல் ஒன்றரை வருடம் கிளாஸி கார்பனோடு மல்லுக்கட்டினேன். அப்புறம் ஸ்ட்ரிப்புக்கு மாறினேன். இப்போது யாராவது கேட்டால், உயிரியல் சாம்பிள் என்றால் ஸ்ட்ரிப்பையே எடுங்கள் என்று தயங்காமல் சொல்கிறேன்.

கிளாஸி கார்பன் என்பது பேனா போன்ற ஒரு குழலின் நுனியில் பதித்த, கண்ணாடி மாதிரி மின்னுகிற கரி வட்டு. எங்களுடையது 3 மில்லிமீட்டர் விட்டம். அதோடு தனியாக, மின்னழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடு, மின்சுற்றை முடிக்க ஒரு பிளாட்டினம் கம்பி, மூன்றும் மூழ்கச் சில மில்லி கரைசல். ஸ்ட்ரிப்பை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் சர்க்கரை பார்க்கிறோமே, அதே வகைதான். 1987-இல் பேனா வடிவக் குளுக்கோமீட்டர் வந்தபோது அதோடு வந்த தொழில்நுட்பம். மூன்று எலக்ட்ரோடும் ஒரே அட்டையில் அச்சாகியிருக்கும். 50 மைக்ரோலிட்டர் அளவுக்கு ஒரு துளி விட்டால் போதும். அளக்கும் முறை இரண்டிலும் ஒன்றுதான்: மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால், ஒரு பொருள் எலக்ட்ரானை விடும் இடத்தில் மின்னோட்டம் மேடாக எழும். அந்த மேடுதான் பீக், அதன் உயரத்தை வைத்துத்தான் அளவு. அப்படி ஒருமுறை ஏற்றிப் பார்ப்பது ஓர் ஓட்டம்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கிளாஸி கார்பனை ஒருமுறை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கினால் வருடக்கணக்கில் உழைக்கும். இறக்குமதி ஸ்ட்ரிப் ஒன்றுக்கே சில நூறு ரூபாய், அதுவும் ஓர் அளவீட்டோடு தீர்ந்தது. சுத்தமான பஃபரில் (பிஎச் மாறாமல் வைக்கும் கரைசல்) உணர்திறன் பார்த்தால் கிளாஸி கார்பன்தான் முந்தும். அச்சு மையில் கரியோடு அதை ஒட்டவைக்கும் பைண்டரும் கலந்திருப்பதால் ஸ்ட்ரிப்பில் எலக்ட்ரான் பரிமாற்றம் கொஞ்சம் மந்தம். எலக்ட்ரோடைப் பரிசோதிக்கும் உப்பான ஃபெரிசயனைடு வைத்து ஏற்றி இறக்கினால், போகும்போது ஒரு பீக், திரும்பும்போது ஒரு பீக் வரும். நன்றாகத் தேய்த்த கிளாஸி கார்பனில் இரண்டு பீக்குக்கும் நடுவே 70 மில்லிவோல்ட் பக்கம் வரும்; வெறும் ஸ்ட்ரிப்பில் 100-ஐத் தாண்டும். இடைவெளி கூடினால் பரிமாற்றம் மந்தம் என்று பொருள். சாம்பிள் கொஞ்சமாகத்தான் இருக்கிறது என்றால் ஸ்ட்ரிப்தான்.

சிறுநீரில் டோபமைனோடு சேர்ந்தே இருக்கும் அஸ்கார்பிக் அமிலமும் (வைட்டமின் சி) யூரிக் அமிலமும் தருகிற தொல்லையில் இரண்டு எலக்ட்ரோடும் சமம். பெரியவர்களின் சிறுநீரில் ஒரு நாளைக்கு 65 முதல் 400 மைக்ரோகிராம் டோபமைன் வெளியேறும். ஒன்றரை லிட்டர் சிறுநீர் என்று வைத்துக்கொண்டால் 0.3 முதல் 1.7 மைக்ரோமோலார். யூரிக் அமிலமோ அதே சிறுநீரில் மில்லிமோலார் கணக்கில், ஆயிரம் மடங்குக்கும் மேலே கிடக்கிறது. வெறும் கரியில் மூன்றின் பீக்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே மேடாகத் தெரியும். உடலின் பிஎச்சான 7.4-இல் டோபமைனுக்கு நேர்மின்னூட்டம், மற்ற இரண்டுக்கும் எதிர்மின்னூட்டம். நாங்கள் பூசும் கிராஃபீன், ஆக்சிஜன் ஏறிய கிராஃபீன் ஆக்சைடிலிருந்து வருவது; அதன் ஓரங்களில் இருக்கும், எதிர்மின்னூட்டமுள்ள கார்பாக்சில் தொகுதிகள் டோபமைனை இழுத்து மற்ற இரண்டையும் தள்ளுகின்றன. டோபமைனின் வளையம் கிராஃபீன் தளத்தின்மேல் படிந்தும் கொள்கிறது. அதனால் அஸ்கார்பிக் 0 வோல்ட் பக்கம், டோபமைன் 0.2 பக்கம், யூரிக் 0.33 பக்கம் என்று தனித்தனியாகப் பிரிகின்றன. இந்த வேலையைச் செய்வது மேலே இருக்கும் கிராஃபீன். கீழே எந்தக் கரி இருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை.

வித்தியாசம் அழுக்கில்தான். நான் கட்சி மாறியது முழுக்க முழுக்க இதனால்தான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

டோபமைன் எலக்ட்ரோடில் ஆக்சிஜனேற்றம் அடையும்போது இரண்டு எலக்ட்ரானையும் இரண்டு புரோட்டானையும் விட்டுவிட்டுக் குவினோன் ஆகிறது. அது சும்மா இருப்பதில்லை. தனக்குள்ளேயே வளைந்து மூடிக்கொண்டு, மறுபடி ஆக்சிஜனேற்றம் அடைந்து, பக்கத்து மூலக்கூறுகளோடு கோத்துக்கொண்டு மெலனின் மாதிரி ஒரு கரும் படலமாக எலக்ட்ரோடிலேயே ஒட்டிவிடும். பாறையில் ஒட்டும் கடல் மட்டியின் பசையிலிருந்து யோசனை எடுத்து, 2007-இல் இதே டோபமைனை எந்தப் பொருளின்மேலும் ஒட்டும் பூச்சாக மாற்றிக் காட்டினார்கள். இன்று பாலிடோபமைன் என்று தேடினால் பூச்சுத் தொழில்நுட்பமாக அது கொட்டிக் கிடக்கிறது. அவர்களுக்கு வரமான அந்தக் குணம் அளக்க வந்த நமக்கு வினை. நாம் எதை அளக்கிறோமோ அதுவே அளவுகோலின்மேல் பெயின்ட் அடித்துவிடுகிறது. மூளையின் இன்னொரு செய்தி கடத்தியான செரோடோனின் இதைவிட மோசம். அதோடு சிறுநீரிலும் சீரத்திலும் இருக்கும் புரதம் வேறு படியும்.

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு காலையில் புதிதாகக் கிராஃபீன் பூசிய கிளாஸி கார்பனை நீர்த்த சிறுநீரில் வைத்து, டோபமைன் கொஞ்சம் சேர்த்து, வரிசையாக ஓட்டினேன். முதல் ஓட்டத்தில் பீக் கூர்மையாக எழுந்தது. மூன்றாவதில் தோள் சரிந்தது. பத்தாவது வரும்போது உயரம் பாதிக்கு வந்துவிட்டது, உச்சியும் வலப்பக்கம் நகர்ந்திருந்தது. கரைசலில் டோபமைன் குறையவே இல்லை. அதே கரைசலில் புது எலக்ட்ரோடை வைத்தபோது பழைய உயரம் திரும்ப வந்தது. சுத்தமான பஃபரில் குறைந்த செறிவில் இதே சோதனையைச் செய்தால் இருபது ஓட்டம்கூட அலுங்காமல் வரும். சாம்பிளில்தான் சாயம் வெளுக்கும்.

சரி, கழுவி எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வெறும் கிளாஸி கார்பன் என்றால் கழுவலாம். கிராஃபீன் பூசியதை எப்படித் தேய்ப்பது? தேய்த்தால் பூச்சும் போய்விடும். ஆக ஒவ்வொரு சாம்பிளுக்கும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அலுமினாத் தூளைத் தண்ணீரில் குழைத்து, பாலிஷ் துணியில் எட்டு போட்டுத் தேய்க்க வேண்டும். முதலில் 1 மைக்ரான் தூள், அப்புறம் 0.3, கடைசியாக 0.05. நடுநடுவே சோனிகேட்டரில் (ஒலியதிர்வால் கழுவும் தொட்டி) வைத்து ஒட்டிய தூளை உதிர்க்க வேண்டும். எலக்ட்ரோடு கொஞ்சம் சாய்ந்தால் ஓரம் மழுங்கிவிடும். பிறகு ஃபெரிசயனைடில் சரிபார்த்து, 5 மைக்ரோலிட்டர் கிராஃபீன் ஆக்சைடு துளி வைத்து உலர்த்தி, மின்னழுத்தம் கொடுத்து ஒடுக்கி (அதாவது, ஏறிய ஆக்சிஜனில் பெரும்பகுதியை நீக்கி), அதன் பிறகுதான் சாம்பிள். எவ்வளவு வேகமாகச் செய்தாலும் ஒன்றரை மணி நேரம். காலையிலிருந்து மாலைவரை நின்றால் நான்கு அளவீடு.

நேரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் துளி உலரும் விதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. காபி சிந்திக் காய்ந்தால் ஓரத்தில் அடர்த்தியாக ஒரு வளையம் விழுமே, கிராஃபீன் துளியும் அப்படித்தான் காயும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஓரத்தில் கறுப்பு வளையம், நடுவில் வெளிறிய திட்டு. சித்திரை வெயிலில் இருபது நிமிடத்தில் காய்கிற துளி ஐப்பசி மழையில் ஒரு மணி நேரம் ஆகியும் ஈரமாகவே இருக்கும். இரண்டும் ஒரே படலம் ஆகாது. இதைப் புரிந்துகொண்ட நாளில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. கிளாஸி கார்பனைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் ஒவ்வொரு முறை பூசும்போதும் அது புது எலக்ட்ரோடுதான். ஒருமுறை பயன்படுத்தி எறிவதைத்தான் இங்கேயும் செய்கிறோம். ஒரே வித்தியாசம், அந்தப் புது எலக்ட்ரோடை ஒவ்வொன்றாக, வேறு வேறு நாளில், கையால் செய்கிறோம்.

அப்படி எறியத்தான் போகிறோம் என்றால் மொத்தமாகச் செய்து எறிவதே மேல். ஸ்ட்ரிப்புக்கு மாறியதும் துளி விட்டு உலர்த்துவதையும் விட்டுவிட்டோம். கிராஃபீன் ஆக்சைடு கரைசலில் ஸ்ட்ரிப்பை வைத்து, மின்னழுத்தத்தை எதிர்மின் பக்கம் கொண்டுபோய்த் திரும்பத் திரும்ப ஓட்டினால், ஒடுங்கிய கிராஃபீன் தானாக அதன்மேல் படிகிறது. எத்தனை சுற்று என்பதைக் கருவி எண்ணிக்கொள்ளும். காபி வளையம் இல்லை. ஒரே காலையில், ஒரே கரைசலில் இருபது ஸ்ட்ரிப் தயார். அவற்றில் மூன்றை அதே டோபமைன் கரைசலில் சோதித்துப் பார்த்து, ஒத்துவந்தால் மீதியைச் சாம்பிளுக்கு எடுக்கிறேன். ஒரு ஸ்ட்ரிப்பில் ஒரே ஓட்டம். அழுக்குப் படிவதற்குள் அதன் வேலை முடிந்துவிடுகிறது. கணக்குப் போடும்போதும் நிம்மதி: எட்டாவது சாம்பிளில் பீக் குறைந்தால், அது சாம்பிளா எலக்ட்ரோடா என்று இரவெல்லாம் யோசிக்க வேண்டியதில்லை.

ஸ்ட்ரிப்பிலும் குறை உண்டு. பெரியது அதன் ரெஃபரன்ஸ். கண்ணாடிக் குழாய் ரெஃபரன்ஸில் உள்ளே குளோரைடு கரைசல் நிலையாக இருக்கும். ஸ்ட்ரிப்பில் வெறும் வெள்ளிப் பசைதான். அது சாம்பிளில் இருக்கும் குளோரைடையே நம்பி நிற்கிறது. குளோரைடு பத்து மடங்கு மாறினால் 59 மில்லிவோல்ட் நகரும். ஆளுக்கு ஆள் சிறுநீரில் உப்பு மாறும் என்பதால், பீக் எங்கே வரும் என்பதும் மாறும். அஸ்கார்பிக்குக்கும் டோபமைனுக்கும் நடுவே இருப்பதே 200 மில்லிவோல்ட். அதில் இது பெரிய நகர்வு. இதற்கு வழி எளிது: சாம்பிளைப் பத்து மடங்கு நீர்க்கும்போது, 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு சேர்த்த பஃபரையே பயன்படுத்தினால் உப்பு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அடுத்த குறை, ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் மை மாறுவது. புதுப் பெட்டி பிரித்தால், பீக் உயரத்தைச் செறிவாக மாற்றும் அளவுக்கோட்டைப் புதிதாகப் போட வேண்டும். பழையதை வைத்து ஓட்டாதீர்கள்.

நீர்ப்பதற்கு விலையும் உண்டு. இயல்பான டோபமைன் 30 முதல் 170 நானோமோலாருக்கு இறங்கிவிடும். கீழ் எல்லையில் ஸ்ட்ரிப் திணறும். நன்றாகப் பூசிய கிளாஸி கார்பன் அங்கே தெளிவாகப் படிக்கும். இதை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டுமே தோற்கும் இடம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. உடலில் டோபமைனின் உறவுக்காரப் பொருள்களான நார்அட்ரினலினுக்கும் எல்-டோபாவுக்கும் டோபமைனைப் போலவே, ஆக்சிஜனேற்றம் அடைகிற அதே கேட்டகால் வளையம் உண்டு. மூன்றும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில் பீக் தரும். எங்கள் இரண்டு எலக்ட்ரோடாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. எச்பிஎல்சி போன்ற, கலவையைத் தனித்தனியாகப் பிரிக்கும் கருவிகளில் முதலில் பிரித்துவிட்டுத்தான் அளக்கிறார்கள், அதனால்தான் மருத்துவமனை முடிவுகள் இன்னும் அங்கிருந்தே வருகின்றன. நாங்கள் சாம்பிளில் தெரிந்த அளவு டோபமைன் சேர்த்து, சேர்த்ததில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று பார்க்கிறோம். 98 சதவீதம் என்று வந்தாலும் அது சேர்த்ததைச் சரியாகப் படித்தோம் என்பதற்கே சான்று. உடம்பிலிருந்து வந்த டோபமைனை அளந்தோம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

மற்ற வழிகள்? டோபமைனை ஆக்சிஜனேற்றம் செய்யும் டைரோசினேஸ் நொதி ஏற்றிய எலக்ட்ரோடு கொஞ்ச நாள் செய்தேன். குளிர்பெட்டியில் வைத்தே காக்க வேண்டும், வாரக்கணக்கில் வலுவிழக்கும்; எங்களுக்கு ஒத்துவரவில்லை. அதற்காக நொதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. மூளையின் மற்றொரு செய்தி கடத்தியான குளூட்டமேட்டைக் கரி எலக்ட்ரோடில் நேரடியாக ஆக்சிஜனேற்றம் செய்ய முடியாது, அதற்கு நொதி இல்லாமல் கதியில்லை. டோபமைன் பட்டதும் தங்க நானோ துகள் சிவப்பிலிருந்து நீலமாக மாறுவதை வைத்து அளக்கும் முறை பார்க்க அழகு. உப்பு மிகுந்த சிறுநீரில் டோபமைன் இல்லாமலே நீலமாகிவிடும். உயிருள்ள மூளைக்குள் அளக்கும் 7 மைக்ரான் கார்பன் இழையை நான் கையாண்டதில்லை. ஆனால் அந்த இழையால் அளப்பவர்கள் அழுக்கைச் சமாளிக்கும் விதம் பிடித்திருக்கிறது: வினாடிக்கு 400 வோல்ட் வேகத்தில் 1.3 வோல்ட்வரை ஏற்றி இறக்குகிறார்கள், ஒவ்வொரு ஏற்றத்திலும் கரியின் மேல்தோல் கொஞ்சம் எரிந்து புதுப்பிக்கப்படுகிறது. எங்கள் ஸ்ட்ரிப் அந்த மின்னழுத்தத்தைத் தாங்குமா என்பதை இன்னும் முயன்று பார்க்கவில்லை.

எந்த எலக்ட்ரோடு எடுத்தாலும் டோபமைன் கரைசலை அன்றன்றைக்குப் போடுங்கள், அலுமினியத் தாளால் சுற்றிப் பனிக்கட்டியில் வையுங்கள். மதியத்துக்குள் இளஞ்சிவப்பு ஏறியிருந்தால் கொட்டிவிடுங்கள். சிறுநீரை அமிலம் சேர்த்தே வாங்கி வையுங்கள். அளக்கும் நேரத்தில்தான் பஃபரில் கலக்க வேண்டும்.

கிளாஸி கார்பன் இரண்டு இன்னும் என் மேசையில் இருக்கின்றன. புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் மாதம் அதைத்தான் கொடுக்கிறேன், புதுப் பூச்சு எதையும் முதலில் அதில்தான் சோதிக்கிறேன். ஸ்ட்ரிப் செலவைக் குறைக்க, கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஸ்கிரீன் சட்டம் ஒன்று வாங்கி, பாலியெஸ்டர் தாளில் கரி மையை நாங்களே இழுக்க ஆரம்பித்திருக்கிறோம். முதல் தொகுதியில் தாளின் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் மின்தடை ஒத்துவரவில்லை. இழுக்கும் கை அழுத்தம் மாறுவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அது சரியாகும்வரை கடை ஸ்ட்ரிப்தான்.