விறகு அடுக்கும் சட்டம்: பையா, பைப்பா, அலுமினியமா, ஆங்கிளா?

பெர்த்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஆண்டுக்கு ஒருமுறை போய்வருவேன். சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் ஐந்து மணி நேரம்தான், கடிகாரத்தைக்கூடத் திருப்பி வைக்க வேண்டாம். அங்கே அத்தான் பழைய கேம்பர் ட்ரெய்லர் ஒன்றை வாங்கியிருக்கிறார். காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், நின்ற இடத்தில் கூடாரமாக விரித்துக்கொள்ளும் வண்டி. படுக்க இடம் உண்டு, சமைக்க இடம் உண்டு, விறகு வைக்கத்தான் இடம் இல்லை. "மச்சான், நீதான் பட்டறையில இருக்கியே, விறகு அடுக்க ஒரு சட்டம் செஞ்சு எடுத்துட்டு வாயேன்" என்றார்.

சிங்கப்பூரில் செய்து பெட்டியில் கொண்டுபோவது என்று ஆனதும் இரண்டு யோசனைகள் தாமாகவே கழன்றுகொண்டன. மரச்சாமான் எதைக் கொண்டுபோனாலும் ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும். பழைய பலகையில் ஒரு பூச்சித் துளை இருந்தாலும் வம்புதான். ஆகவே மரப்பெட்டி வேண்டாம். வெல்டிங் வைத்த சட்டமோ பெட்டிக்குள் அடங்காது. மிச்சம் நாலு: தார்ப்பாய்ப் பை, பிவிசி பைப், காடி (நீளவாக்கில் பள்ளம்) வெட்டிய அலுமினியச் சட்டம், துளை போட்ட இரும்பு ஆங்கிள் (L வடிவப் பட்டை).

எதால் செய்வது என்பதைவிட, எங்கே மாட்டுவது என்பதில்தான் நான் முதலில் மாட்டிக்கொண்டேன். அத்தான் கேட்டது ஒரு மீட்டர் நீளம், 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். அங்கே கிடைக்கும் ஜாரா மரம் காய்ந்த பிறகும் கன மீட்டருக்கு 820 கிலோ அளவில் இருக்கும். கட்டைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைக் கழித்து, மரம் 65 விழுக்காடு என்று வைத்தாலும் 85 கிலோ வருகிறது. ஓர் ஆளையே மடக்கி வைத்த மாதிரி.

ட்ரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு காரின் டோ பால் (ட்ரெய்லரை மாட்டும் குண்டுக் கொக்கி) மீது விழ வேண்டும் என்பது அங்கே பொதுவான கணக்கு. அத்தானின் வண்டி சாமானோடு 900 கிலோ, டோ பாலில் 90 கிலோ. டோ பாலிலிருந்து சக்கர அச்சு 3 மீட்டர். விறகை அச்சுக்குப் பின்னால் ஒன்றரை மீட்டரில், வால் பக்கம் தொங்கவிட்டால், அது நெம்புகோல் போல முன்பக்கத்தைத் தூக்கும். 90 இருந்த இடத்தில் 48தான் மிஞ்சும். வால் கனத்த ட்ரெய்லர் நெடுஞ்சாலையில் பாம்பாக நெளிய ஆரம்பிக்கும். பின்விளக்கும் எண் பலகையும் மறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது வேறு. டோ பாலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, முன்னால் கூம்பி வரும் சட்டத்தின் மேல் வைத்தாலோ 57 கிலோ கூடி 147 ஆகிறது. அவர் காரின் கொக்கி அதைத் தாங்காது.

"அப்போ பாதி விறகுதான் அத்தான்" என்றேன். முகம் சுருங்கிவிட்டது, தொலைபேசியிலேயே தெரிந்தது. ஆனால் பாதி போதும். 2021இல் கிழக்கு ஃபிரீமேன்டிலில் மரத்தைத் துளைக்கும் வண்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, பெர்த் வட்டாரத்து மரக்கட்டைகளை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு வந்தது. தங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே விறகை வாங்கினால், இரண்டு ராத்திரிக்கு ஆவதைச் சுமந்தால் சரி. உயரத்தை 20 செ.மீ. ஆகக் குறைத்தோம். விறகு 42 கிலோ சொச்சம், முன்னால் வைத்தால் டோ பாலில் கூடுவது 28. முன்னால் இருந்த கருவிப்பெட்டியை அச்சுக்குப் பக்கம் நகர்த்தியதில் அதுவும் சரியாகிவிட்டது.

இனி போட்டி.

பிவிசி பைப்பை நான் ஆசைப்பட்டே எடுத்தேன். அக்கம்பக்கத்து ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், ரம்பத்தால் அறுத்துப் பசையால் ஒட்டினால் ஒரு மாலையில் முடிந்துவிடும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கிரைண்டர் போட்டு அண்டைவீட்டாரிடம் திட்டு வாங்க வேண்டாம். செய்ததும் நாலு மூட்டை கரியை அதன் மேல் ஏற்றித் திறந்தவெளிக் கார் நிறுத்துமிடத்தில் ஒரு மதியம் விட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் நடு பைப் வில்லாக வளைந்து கிடந்தது. வெயிலில் இளகும் பொருள் அது, ஆண்டுக்கணக்கில் காய்ந்தால் மொறுமொறுவென்று உடையவும் செய்யும். பாசிர் ரிஸ் பூங்காவின் பார்பிகியூ அடுப்புவரை கரி தூக்கிப் போக ஆகும், அவ்வளவுதான்.

உபரிச் சக்கரத்தின் மேல் மாட்டும் பை அங்கேயே கடைகளில் தொங்குகிறது. நானும் தேக்காவில் ஒரு தையற்காரரிடம் லாரி தார்ப்பாயில் தைத்து வாங்கினேன். மடித்தால் ஒரு போர்வை அளவு. ஆனால் சக்கரம் இருப்பதோ வண்டியின் வாலில், அங்கே கட்டை ஏற்றக் கூடாது என்று இப்போதுதானே கணக்குப் போட்டோம். சுள்ளி, காய்ந்த பட்டை, நனைந்த செருப்பு இதற்கெல்லாம் அருமை. இதை விறகுச் சட்டத்துக்குப் போட்டி என்று சொல்ல மாட்டேன், துணை என்று சொல்வேன்.

உண்மையான சண்டை கடைசி இரண்டுக்கும் நடுவில்தான்.

30 மிமீ அலுமினியச் சட்டம் கண்ணுக்கு அழகு. ஆறுமுனைச் சாவி ஒன்று போதும், காடிக்குள் நட்டை நழுவவிட்டு எங்கே வேண்டுமோ அங்கே இறுக்கலாம். துரு இல்லை, எடையும் குறைவு. சுங்கை காடுட்டில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் "இதைவிட்டா வேற என்ன வேணும்" என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆனால் அந்த இறுக்கம் முழுக்க உராய்வை நம்பியது. செம்மண் சாலையில் அலை அலையாக மேடுபள்ளம் இருக்கும், பல்லே ஆடும். அந்த அதிர்வில் காடி நட்டு மெல்ல நழுவும். திருகுப்பசை போட்டால் நிற்கும், அப்புறம் கழற்றி மாற்றும் வசதி போய்விடும். வசதிக்காகத்தானே அத்தனை காசு? விலையும் ஆங்கிளைப்போல் பல மடங்கு.

துளை போட்ட ஆங்கிள் வேறொன்றும் இல்லை, நம் வீட்டு பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையில்) அரிசி மூட்டையையும் சூட்கேஸையும் தாங்கிக்கொண்டு நிற்கும் அதே அலமாரியின் கால்தான். வீடு மாறுகிற யாராவது ஒருவர் அதைக் கழற்றிப்போடாத மாதமே எங்கள் புளோக்கில் கிடையாது. எனக்குச் சல்லிக்காசு செலவில்லை. போல்ட் துளைக்குள்ளேயே நுழைந்து நிற்பதால் நழுவ வழியில்லை, உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு போட்டால் கழலவும் கழலாது. துண்டு துண்டாக அடுக்கினால் சூட்கேஸின் அடியில் தட்டையாகக் கிடக்கும், அடியில் போடும் கம்பி வலையோடு சேர்த்து 10 கிலோவுக்குள்.

குறை இல்லாமல் இல்லை. முனை கத்தி மாதிரி, ரப்பர் மூடி போடாவிட்டால் முழங்கால் போச்சு. குறுக்குக் கம்பி மூலைக்கு மூலை கட்டாவிட்டால் சட்டம் சாய்சதுரமாகப் படுத்துவிடும். அறுத்த இடத்தில் துரு பிடிக்கும், அதனால் துத்தநாகப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தேன். அடியில் தகடு வேண்டாம், கம்பி வலை போதும். தகட்டில் தண்ணீர் தேங்கும். ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டிய விறகு புகைதான் கொடுக்கும், சோறு கொடுக்காது.

ஆங்கிள்தான் ஜெயித்தது. சுங்கை காடுட் நண்பர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

மாட்டிய முதல் நாள் கடகடவென்று சத்தம் வந்தது. சட்டத்துக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி வைத்து, ராட்செட் பெல்ட்டால் இறுக்கியதும் அடங்கியது. கோடையில் தீ மூட்டவே தடை போடும் நாள்களில் அக்கா அதில் 20 லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டை வைக்கிறார். 40 கிலோ, தராசே வேண்டாம்.