பத்து நிமிட டெமோவை நம்பி வாங்கிய பழைய கேமிங் லேப்டாப்

கடந்த மே மாத இறுதியில் சென்னை ரிச்சி தெருவில் உள்ள ஒரு கடையில் என் மகனுக்காக 31,000 ரூபாய் கொடுத்து வாங்கிய பழைய கேமிங் லேப்டாப், 23ஆம் நாள் இரவு அவன் விளையாடிக்கொண்டிருக்கும்போதே திரையெங்கும் வண்ணக் கட்டங்கள் சிதற உறைந்து நின்றுவிட்டது. அதே மாடல் லேப்டாப்கள் நான்கு அந்தக் கடையின் மேசையில் விற்பனைக்கு அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைப் போன வாரம் நேரில் பார்த்தேன். கல்லூரி தொடங்கும் இந்நாட்களில் பிள்ளைகளுக்காகப் பல பெற்றோர் அங்கே செல்வார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

படிப்புக்கும் விளையாட்டுக்கும் சேர்த்து ஒரே லேப்டாப் வேண்டும் என்று மகன் கேட்டான். தனி கிராஃபிக்ஸ் சிப் உள்ளதைப் புதிதாக வாங்க என்னிடம் பணம் இல்லை. இன்டெல் ஐ7 பிராசஸர், 16 ஜிபி ராம், 4 ஜிபி நினைவகத்துடன் ஜிடிஎக்ஸ் 1050 கிராஃபிக்ஸ் சிப் என்று கடைக்காரர் சொன்ன விவரங்கள் அனைத்தும் உண்மைதான். அங்கேயே திரையில் சரிபார்த்தேன். ஒரு விளையாட்டைத் திறந்து பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினார், தடையின்றி ஓடியது. "ஸ்கிராட்ச்கூட இல்ல சார், ஆபீஸ்ல யூஸ் பண்ண பீஸ்" என்றார். திண்டிவனத்திலிருந்து காலையில் கிளம்பி வந்திருந்த நான், மாலைக்குள் ஊர் திரும்ப வேண்டிய அவசரத்தில் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

கோளாறு வந்த மறுநாள், பாகங்களின் நிலையைக் காட்டும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் கிராஃபிக்ஸ் சிப்பின் பெயருக்கு அருகே மஞ்சள் முக்கோணமும், உள்ளே பிழை எண் 43, அதாவது கோளாறு காரணமாக விண்டோஸ் அந்தச் சிப்பை நிறுத்திவிட்டது என்ற குறிப்பும் இருந்தன. எங்கள் ஊரில் லேப்டாப் பழுதுபார்க்கும் தம்பி ஒருவர், பின்மூடியைக் கழற்றி எனக்கே காட்டினார். திருகுகளின் தலைகள் தேய்ந்திருந்தன. சிப்பின் வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட் சிங்கை எடுத்ததும், எட்டு ஆண்டு பழைய இயந்திரத்தில் இரண்டுக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட் மட்டும் வெண்ணெய் போல ஈரமாக, புதிதாக இருந்தது. கிராஃபிக்ஸ் சிப்பின் நான்கு ஓரங்களிலும் பற்றவைக்கும்போது தடவும் ஃபிளக்ஸ் தேன் நிறத்தில் உறைந்து கிடந்தது. பிராசஸரைச் சுற்றி அப்படி எதுவும் இல்லை.

செத்துப்போன சிப்பைச் சூடான காற்றால் காய்ச்சி உயிர்ப்பித்திருக்கிறார்கள் என்று அவர் விளக்கினார். இத்தகைய பழுதில் பெரும்பாலும் விரிசல் சிப்பின் உள்ளிருக்கும் நுண்ணிய இணைப்புகளில்தான் இருக்கிறது. சூடேற்றும்போது அவை தற்காலிகமாகத் தொட்டுக்கொள்கின்றன, பிறகு விளையாட்டின் வெப்பத்தில் விரிந்து, அணைத்ததும் சுருங்கி, சில நாட்களிலோ சில வாரங்களிலோ மீண்டும் பிரிந்துவிடுகின்றன. டெஸ்க்டாப்பாக இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். இந்த லேப்டாப்பில் சிப் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருப்பதால் போர்டையே மாற்ற வேண்டும், அதற்கு ஆகும் செலவில் பாதி லேப்டாப் வாங்கிவிடலாம். இதே பணத்துக்கு விளையாட்டுக்கென்றே வாங்குவதாக இருந்தால் பழைய டெஸ்க்டாப்பைத்தான் தேடுங்கள் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

கடைக்காரர் சொல்லாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. அது 7ஆம் தலைமுறை பிராசஸர். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஒருசில விதிவிலக்குகள் தவிர 8ஆம் தலைமுறையிலிருந்துதான் ஆதரவு தருகிறது; விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. பிராசஸர் தகுதிச் சோதனையைத் தாண்டும் வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றி, புதியது போலக் காட்டியிருந்தார்கள்.

பத்து நிமிட ஓட்டத்தில் இந்த ஏமாற்று வெளிப்படாது. கிராஃபிக்ஸ் சிப்புக்குக் கடும் சுமை கொடுத்துச் சோதிக்கும் ஃபர்மார்க் போன்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓடவிட்டு, கனமான விளையாட்டு ஒன்றையும் சேர்த்துக் குறைந்தது முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அதுகூட முழு உத்தரவாதம் ஆகாது என்பதால், பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். விண்டோஸிலேயே உள்ள பவர்சிஎஃப்ஜி (powercfg) கட்டளையில் பேட்டரி அறிக்கை எடுத்தால், ஆலையில் வந்த கொள்ளளவும் இப்போது மிச்சமிருப்பதும் அருகருகே தெரியும். எங்களுடையதில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியிருந்தது.

25ஆம் நாள் கடைக்குச் சென்றபோது, "டெஸ்டிங் வாரண்டி பதினஞ்சு நாள்தான் சார்" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கெடு பில்லில் எங்கும் இல்லை. "யூஸ்டு லேப்டாப் 1" என்பதும் தொகையும் மட்டுமே இருந்தன. பில்லில் கெடு குறிப்பிடப்படாவிட்டால் 30 நாட்களுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

பில்லில் சீரியல் எண் இல்லாததால், இது அவர்கள் விற்ற இயந்திரம்தான் என்று நிரூபிப்பது கடினமாகியிருக்கும். ஆனால் விலை பேசும்போது நான் கேட்டதற்காக, லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அவர்களே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். அந்தப் படத்தில் தெளிவாகத் தெரியும் சீரியல் எண்ணைத்தான் மனுவோடு இணைத்திருக்கிறேன்.