உதவித்தொகையா, கட்டண விலக்கா, கடனா: சம்பளம் வராத மாதத்தை வைத்துப் பாருங்கள்

படிப்புக்கு உதவி தேடுபவர்கள் முதலில் பார்ப்பது தொகையைத்தான். நான் முதலில் பார்ப்பது வேறு: படித்து முடித்து வேலை கிடைக்காமல் போனால், அந்தச் சுமை யார் தலையில் விழும்?

கட்டண விலக்கு இதில் பத்திரமானது. திருப்பித் தர வேண்டியதே இல்லை. ஆனால் அது கல்லூரி வாசல் வரைதான் வரும். அறை வாடகை, சாப்பாடு, பயணம் எல்லாம் வெளியேதான் நிற்கும். கட்டணமே இல்லாத இடத்திலும் கைச்செலவுக்கு வழியில்லாமல் படிப்பை விடுகிறவர்கள் உண்டு.

அந்த இடத்தை நிரப்புவது உதவித்தொகை. இதில் அளவோடு சேர்த்து நேரத்தையும் பார்க்க வேண்டும். மாதாமாதம் கைக்கு வரும் சிறிய தொகை, ஆண்டு முடிந்த பிறகு வரும் பெரிய தொகையைவிட மேல் என்பேன். பின்னால் வரும் பணத்தை நம்பி முன்னால் வட்டிக்கு வாங்கியவர்களுக்கு இது புரியும்.

சரி, கடன். 'கடன்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று மாதத் தவணைக் கடன். சம்பளம் வந்தாலும் வராவிட்டாலும் தவணை தேதி வந்துவிடும். இன்னொன்று வருமானத்தோடு கட்டிய கடன். ஆஸ்திரேலியா 1989-இல் இதை நாடு முழுவதும் கொண்டுவந்தது. வரி பிடிப்பது போலவே சம்பளத்திலிருந்து பிடிப்பார்கள், அதுவும் ஒரு வரம்பைத் தாண்டிச் சம்பாதித்தால் மட்டும். இங்கிலாந்தில் 2023 ஆகஸ்டிலிருந்து சேர்ந்தவர்களுக்கு அந்த வரம்பு ஆண்டுக்கு 25,000 பவுண்டு என்று வைத்தார்கள். அதற்கு மேல் வரும் பணத்தில் 9 சதவீதம் போகும். 30,000 சம்பாதிப்பவர் 450 பவுண்டு கட்டுவார். 24,000 சம்பாதிப்பவர் ஒன்றும் கட்ட வேண்டாம். தவணைக் கடனில் இந்த இரண்டாமவரைத்தான் வங்கி துரத்தும்.

இதற்கும் ஒரு விலை இருக்கிறது. இங்கிலாந்தில் மீதிக் கடன் தள்ளுபடியாக 30 ஆண்டு என்றிருந்தது, இந்தப் புதிய மாணவர்களுக்கு 40 ஆண்டு. நடுத்தரச் சம்பளக்காரர் வேலைக்காலம் முழுக்கக் கட்டிக்கொண்டே இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் கடன் விலைவாசியோடு சேர்ந்து ஏறி வந்தது. 2023-இல் அது ஒரே தடவையில் 7.1 சதவீதம் ஏறியது. அப்புறம் 2024-இல் சட்டத்தைத் திருத்தி, விலைவாசி உயர்வு, கூலி உயர்வு இரண்டில் எது குறைவோ அதுவே கணக்கு என்று 2023-இலிருந்தே பொருந்தும்படி மாற்றினார்கள்.

என்னைக் கேட்டால் ஜெர்மனியின் பாஃபக் என்ற அரசு மாணவர் உதவித் திட்டத்துக்கே முதல் இடம் தருவேன். 1971-இலிருந்து நடக்கிறது. இன்று பட்டப்படிப்பு மாணவருக்கு வாழ்க்கைச் செலவுக்குத் தருவதில் பாதி இனாம், பாதி வட்டியில்லாக் கடன். எவ்வளவு வாங்கியிருந்தாலும் திருப்பிக் கட்டுவது 10,010 யூரோவைத் தாண்டாது. கடனின் உச்சம் முன்கூட்டியே தெரிந்தால், கடனுக்கு அஞ்சும் வீட்டுப் பிள்ளையும் துணிந்து சேர முடியும். பெற்றோரின் வருமானக் கணக்கையும் சான்றுகளையும் திரட்டிக் கொடுப்பதுதான் இதில் உள்ள அலைச்சல்.

கையெழுத்துப் போடும் முன் இன்னொன்றையும் கேளுங்கள்: பாதியில் படிப்பை விட்டால் என்ன ஆகும்? இனாமாக வாங்கிய பணத்தையும் சில இடங்களில் திருப்பிக் கேட்பார்கள். அமெரிக்காவில் வசதி குறைந்த மாணவர்களுக்கு அரசு தரும் பெல் உதவித்தொகையை வாங்குபவர், பருவத்தில் 60 சதவீதம் முடியும் முன் விலகினால் ஒரு பகுதியைத் திருப்பித் தர நேரலாம். தவணைக் கடன் பட்டம் இல்லாமலும் அப்படியே நிற்கும். வருமானக் கடன் மட்டும், வாங்கியவரின் சம்பளம் வரம்பைத் தொடும் வரை காத்திருக்கும்.