கோத்தகிரியில் அப்பாவின் மாருதி 800

குஞ்சப்பனை செக்போஸ்ட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் ஏறியிருப்போம். டெம்பரேச்சர் ஊசி மெல்ல மெல்ல ஏறிச் சிவப்பைத் தொட்டது. அடுத்த நிமிஷமே மடமடவென்று கீழே இறங்கிவிட்டது. "பாருங்கப்பா, சூடு குறைஞ்சிடுச்சு" என்றேன். அப்பா பதில் சொல்லவில்லை. "ஓரங்கட்டும்மா, உடனே ஆஃப் பண்ணு" என்றார்.

அந்த ஊசி இறங்கியது நல்ல சேதி இல்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் கொதித்து வெளியேறிவிட்டால் சென்சாரைச் சுற்றி வெறும் ஆவிதான் இருக்கும், ஊசியும் இறங்கிவிடும். அதை நம்பி இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் இன்ஜினே போயிருக்கும்.

டொரொன்டோவிலிருந்து மூன்று வருஷம் கழித்து வந்திருந்தேன். கோவை ஏர்போர்ட்டிலிருந்து டாக்ஸியில் வந்தபோது டிரைவர் இ-பாஸ் எடுத்தார். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். அப்பாவின் வண்டி டிஎன் 43, உள்ளூர்ப் பதிவு, அதற்கு எதுவும் வேண்டாம். 1998 மாடல், கார்புரேட்டர் வண்டி, மூன்று சிலிண்டர், 796 சிசி. மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போதுதான் இது நடந்தது.

பானெட்டைத் திறந்ததும் ஆவி பொங்கியது. நான் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தேயிலை மூட்டை ஏற்றிவந்த பிக்கப் டிரைவர் ஒருவர் நிறுத்தி இறங்கி, முதலில் பின் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தார். அப்புறம் என் கையைத் தடுத்தார். "மூடியில கை வைக்காதீங்க அம்மணி, முகத்துலயே அடிக்கும். பச்சைத் தண்ணியும் ஊத்தாதீங்க, சூட்டுல ஹெட்டு, அதான் இன்ஜினோட மேல்மூடி, விரிசல் விட்டுரும்." அவரே கோத்தகிரிக்குப் போன் செய்து, வண்டியை ஏற்றிப்போக ஆள் ஏற்பாடு செய்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

முதலில் போன ஒர்க்‌ஷாப் பெரியது. ஒரு பையன் வந்து ஸ்டார்ட் செய்து பார்த்தான். வண்டி நடுங்கியது, வெள்ளைப் புகை கக்கியது. ஐந்து நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிட்டது: இன்ஜின் முழுசாக இறக்கி, சிலிண்டரைக் கடைந்து போர் செய்ய வேண்டும், நாற்பத்தைந்தாயிரம் ஆகும், அதற்கு விற்றுவிடலாம். ஒரு நட்டைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டேன். "பழைய வண்டிங்க" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. அப்பாவின் முகம் வாடியதைப் பார்த்ததும் இன்னும் அதிகமாக வந்தது.

மறுநாள் டானிங்டன் பக்கம் தகரக் கொட்டகை போட்ட ஒரு சின்னப் பட்டறைக்குப் போனோம். அறுபது வயதிருக்கும் அந்த அண்ணாவுக்கு. ஸ்பானரை எடுக்கும் முன்னால் கால் மணி நேரம் அப்பாவிடம் கேள்விதான் கேட்டார். காலையில் சோக் எவ்வளவு நேரம் போடுவீங்க, தண்ணி எப்பெப்போ குறையுது, கூலன்ட்டா குழாய்த் தண்ணியா, கடைசியா யார் கை வெச்சது?

அப்புறம் மூன்று பிளக்கையும் கழற்றி, பழைய செய்தித்தாளில் வரிசையாக வைத்து என்னைக் கூப்பிட்டார். முதல் பிளக் கரிக்கட்டை மாதிரி இருந்தது. மலையில் காற்று லேசு, அதனால் கார்புரேட்டரில் பெட்ரோல் கூடுதலாகப் போய்க் கரி படியும். அது டியூனிங்கில் தீரும். இரண்டாவதும் மூன்றாவதும் கழுவிவிட்டதுபோல வெள்ளையாக இருந்தன. "தண்ணி உள்ளே போய் ஆவியாகிக் கழுவியிருக்கு கண்ணு" என்றார்.

சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்த்தார். முதல் சிலிண்டர் 10, மற்ற இரண்டும் 5. பத்து என்பதே குறைவில்லையா என்றேன். கீழே சமவெளியில் 12 காட்டுகிற இன்ஜின் ஆறாயிரம் அடிக்குப் பக்கத்தில் 10தான் காட்டும் என்றார். அடுத்து, குறைந்த இரண்டிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். எண் அசையவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்து எண்ணைக் கூட்டியிருக்கும். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்து, ஆயிலுக்கும் அசையாவிட்டால், இரண்டுக்கும் நடுவே ஹெட் கேஸ்கட், அதாவது ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு, எரிந்திருக்கிறது என்று அர்த்தம். போர் செய்யவே தேவையில்லை.

ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருந்ததைக் காட்டி, ஆயிலிலும் தண்ணீர் கலந்துவிட்டதா என்று கேட்டேன். குளிர் ஊரில் பக்கத்திலேயே ஓட்டும் வண்டிக்கு மூடியில் மட்டும் அப்படிப் படியும், பயப்பட வேண்டாம் என்றார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் பால் கலந்த காபி நிறம் வந்தால்தான் ஆபத்து. எங்கள் டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தது. வெள்ளைப் புகையும் அப்படித்தான், பனிக்காலக் காலையில் எல்லா வண்டியும் கக்கும். சூடான பிறகும் நிற்காவிட்டால்தான் கவனிக்க வேண்டும்.

ஹெட்டைக் கழற்றி, ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து, அடியில் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்தார். 0.05 மில்லிமீட்டர் இடைவெளி வரைதான் இருக்கலாம். 0.15 தகடு தடையில்லாமல் போய்வந்தது. அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்துவிட்டது. சாக்கில் சுற்றிக் கோவை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அங்கே லேத்தில் அடிப்பக்கத்தை மட்டமாகச் சீவும் ஃபேஸிங் முடிந்து, கேஸ்கட் செட்டோடு மறுநாள் மாலை அதே பஸ்ஸில் வந்து இறங்கியது. டொரொன்டோவில் ஒரு கூரியரும் எனக்கு இப்படி வேலை செய்ததில்லை.

கேஸ்கட் ஏன் எரிந்தது என்பதையும் அவர் விடவில்லை. ரேடியேட்டரைக் கையால் தடவச் சொன்னார். மேல்பாதி சுட்டது, கீழ்ப்பாதி ஜில்லென்றிருந்தது. பல வருஷம் குழாய்த் தண்ணீர் ஊற்றியதில் துரு அடைத்துக்கொண்டது. அதோடு, இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட் வால்வையே முன்பு யாரோ கழற்றி எறிந்திருந்தார்கள். அது இல்லாவிட்டால் வண்டி சூடே ஆகாது, நல்லதுதானே என்று அப்பா நினைத்திருந்தார். ஆனால் சமதளத்தில் இன்ஜின் போதுமான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும். மலை ஏற்றத்தில் அடைபட்ட ரேடியேட்டர் தாங்காது. புது வால்வைப் பொருத்தும் முன், டீ போடும் கெட்டிலில் போட்டுக் காட்டினார். தண்ணீர் கொதி வருவதற்கு முன்பே, 82 டிகிரி வாக்கில், சின்ன வாய் மெதுவாகத் திறந்தது. அப்பா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, குறுக்கும் நெடுக்குமாக, மூன்று சுற்றில் டார்க் ரென்ச் வைத்து முறுக்கினார். திறந்ததுதான் திறந்தோம் என்று டைமிங் பெல்ட்டையும் மாற்றினார். ரேடியேட்டர் சுத்தம் செய்தது, கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 11,400 ரூபாய். கழற்றிய பழைய பாகங்களைப் பையில் போட்டுக் கையில் கொடுத்தார். கேட்காமலே.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் குஞ்சப்பனை வரை இறங்கித் திரும்ப ஏறினோம். அப்பாதான் ஓட்டினார். நான் ஊசியை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தேன். பாதிக்குச் சற்றுக் கீழே நின்றது, கடைசிவரை நகரவில்லை. இப்போது சந்தைக்குப் போய்வரும்போதெல்லாம் மீட்டரைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புகிறார்.