ஹால் டைல்ஸ் தூக்கிக்கொண்டதற்கு முன்பணத்தில் 62,000 ரூபாய்: வாடகை வீட்டைக் காலி செய்வோருக்கு ஓர் எச்சரிக்கை

சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்யும்போது பெயின்ட் அடிப்பதற்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. அதற்கு மேல் இப்போது தரையைக் காரணம் காட்டி, முன்பணத்தில் பாதிக்கும் அதிகமான தொகையைப் பிடித்துக்கொள்ள முடியும் என்பதை எங்கள் குடும்பம் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டது. விட்ரிஃபைட் டைல்ஸ் போட்ட அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவர்கள், குறிப்பாக நடக்கும்போது காலடியில் 'டொக் டொக்' என்று வெற்று ஓசை கேட்கும் வீட்டில் இருப்பவர்கள், சாவியை ஒப்படைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது. உரிமையாளரின் பெயரையோ தெருவையோ எழுதப்போவதில்லை. வேளச்சேரிப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வீட்டின் வாடகை 17,000 ரூபாய். முன்பணம் 1,20,000 ரூபாய். நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகக் குடியிருந்த வீடு அது, ஒரு மாதம்கூட வாடகை தள்ளிப்போனதில்லை. காலி செய்த அன்று உரிமையாளர் வந்து அறை அறையாகச் சுற்றிப் பார்த்தார், குறை எதையும் சொல்லவில்லை. "சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்க தம்பி, கரண்ட் பில் எல்லாம் கணக்குப் பார்த்து மீதியை அனுப்பிவிடுகிறேன்" என்றார். வாசலில் லாரி நிற்கிறது, புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும், வயதில் பெரியவர் சொல்கிறார் என்னும்போது யாரும் அங்கே நின்று வாதாட மாட்டார்கள். இத்தகைய பிடித்தங்களெல்லாம் இந்த அவசரத்தை நம்பித்தான் நடக்கின்றன.

ஒரு மாதம் கழித்து, பலமுறை நினைவூட்டிய பிறகு, 22,000 ரூபாய் மட்டும் கணக்கில் வந்தது. கூடவே வாட்ஸ்அப்பில், கோடு போட்ட நோட்டுத் தாளில் பேனாவால் எழுதிய ஓர் எஸ்டிமேட்டின் புகைப்படம். ஹால் தரை முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் போடுவதற்கு 62,000, சமையலறைத் தரைக்கு 14,000, குளியலறைத் தரையின் உப்புக்கறையை ஆசிட் வைத்துக் கழுவ 5,000, பெயின்டுக்கு ஒரு மாத வாடகை 17,000. தாளில் தேதி இல்லை, கான்ட்ராக்டரின் கையெழுத்து இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, ஹால் எத்தனை சதுர அடி என்பதுகூட இல்லை. ஆனால் கூட்டல் மட்டும் சரியாக இருந்தது.

இதில் பெயின்டுக்கான தொகை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்ததால் அதைப் பற்றி எங்களுக்குப் பேச்சே இல்லை. சமையலறையில், கேஸ் சிலிண்டரை இறக்கும்போது அதன் விளிம்பு பட்டு ஒரே ஒரு டைல் மூலையில் உடைந்திருந்தது. நாங்கள் குடியிருந்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த சிலிண்டர் என்பதால், அந்த ஒரு டைலையும் அதை மாற்றும் கூலியையும் ஏற்றுக்கொள்வது நியாயம் என்று அப்போதே சொல்லியிருந்தோம். "அதே நிறத்தில் இப்போது கிடைக்கவில்லை, அதனால் தரை முழுவதும் மாற்ற வேண்டும்" என்பது அவருடைய கணக்கு. டைல்ஸ் கம்பெனிகள் சில ஆண்டுகளில் டிசைனை நிறுத்திவிடுவதும், அதே டிசைன் கிடைத்தாலும் வேறு பேட்ச்சில் நிறம் சற்று மாறிவருவதும் உண்மைதான். அதற்காகத்தான் வீடு கட்டுகிறவர்கள் ஒன்றிரண்டு பெட்டி டைல்ஸை எடுத்துப் பரண்மேல் வைக்கிறார்கள். அதைச் செய்யாமல் விட்டவருடைய செலவை ஒரு டைல் உடைந்த வீட்டில் குடியிருந்தவர் தலையில் கட்டுவது எப்படி நியாயமாகும்? குளியலறைக் கறையோ போர்வெல் தண்ணீரின் உப்பு. அந்தத் தண்ணீரை வீட்டுக்குக் கொடுத்தவரும் அவர்தான். போதாக்குறைக்கு, ஆசிட் ஊற்றிக் கழுவினால் டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமென்ட் அரித்துப்போய்க் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகத் தொடங்கலாம். அதற்குப் போய் 5,000 ரூபாய்.

ஹால் விஷயம்தான் இந்தப் பதிவுக்குக் காரணம் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். காலி செய்வதற்கு முந்தைய கோடையில் ஒரு மதிய வேளையில், பட்டாசு வெடித்ததுபோன்ற சத்தத்துடன் ஹாலின் நடுவில் நான்கைந்து டைல்ஸ் ஒன்றையொன்று நெட்டிக்கொண்டு கூடாரம்போல் மேலே எழும்பின. உடனே படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பினோம். அவரே ஒரு டைல்ஸ் மேஸ்திரியை அனுப்பிவைத்தார். மேஸ்திரி எழும்பிய டைல் ஒன்றின் அடியில் கரண்டியை விட்டு நெம்பினார். சிரமமே இல்லாமல் முழுசாக வந்தது. அதைத் திருப்பிப் பார்த்தபோது, பின்பக்கத்தில் இருந்த கட்டம் கட்டமான வரிகள் கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோல அப்படியே சுத்தமாக இருந்தன, ஒரு பொட்டு சிமென்ட்கூட ஒட்டியிருக்கவில்லை. கீழே இருந்த கலவையைக் கையால் அள்ளினால் மணலாக உதிர்ந்தது. "ஒட்டவே இல்ல சார், சும்மா மேல வச்சிருக்காங்க. இடுக்கும் விடல, நெருக்கிப் போட்டுட்டாங்க. இது குடியிருக்கிறவங்க செஞ்ச வேலை இல்ல" என்று அவர் சொன்னதையும் சேர்த்து உரிமையாளருக்கு எழுதினேன். "சரி, இப்போதைக்கு வைத்துப் பூசச் சொல்லுங்கள், பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தது. மேஸ்திரியும் ஒயிட் சிமென்ட் வைத்துப் பூசிவிட்டுப் போனார்.

மேஸ்திரி சொன்னதற்குப் பின்னால் இருக்கும் விவரத்தை எல்லோரும் தெரிந்துகொள்வது அவசியம். விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரை அநேகமாக உறிஞ்சுவதே இல்லை. அதன் நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்குள்தான். பழைய செராமிக் ஓடுகளைப்போல ஊறவைத்துச் சிமென்ட் பால் ஊற்றிப் பதித்தால் இது பிடித்துக்கொள்ளாது, இதற்கென்று உள்ள பசையைப் போட்டு ஒட்ட வேண்டும். டைல்ஸுக்கு இடையே 2, 3 மில்லிமீட்டர் இடுக்கு விட்டு, அந்த இடுக்கைக் கலவையால் நிரப்பி கிரவுட்டிங் செய்ய வேண்டும். சுவர் ஓரத்திலும் சிறிது இடைவெளி விட்டு அதை ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் பட்டை) வைத்து மறைக்க வேண்டும். கான்கிரீட் தளம் நாளாவட்டத்தில் சிறிதளவு சுருங்குகிறது, டைல்ஸோ வெப்பத்தில் விரிகிறது. விரிவதற்கு இடமில்லாமலும் அடியில் பிடிப்பில்லாமலும் போனால், அது மேலே எழும்புவதைத் தவிர வேறு வழியில்லை. பீரோவை இழுத்தால் கீறல் விழும், கனமான பொருள் விழுந்தால் மேற்பரப்பில் அடிபட்ட இடம் தெரியும்படி உடையும் அல்லது விரிசல் விடும். முழு டைல் சேதமில்லாமல் கும்பலாக எழும்பி, பின்பக்கம் சுத்தமாகவும் இருந்தால், அது பதித்த அன்றே நேர்ந்த குறை என்பது இந்த வேலை தெரிந்த எவருக்கும் தெரியும்.

ஆனால் எஸ்டிமேட்டைப் பற்றிக் கேட்டபோது உரிமையாளர் சொன்ன காரணங்கள் வேறு. முதலில் பீரோவை இழுத்ததால் என்றார். பீரோ படுக்கையறையில்தான் இருந்தது. பிறகு, தினமும் நிறையத் தண்ணீர் விட்டு மாப் போட்டதால் தரை ஊறிவிட்டது என்றார். கடைசியில், பிள்ளைகள் குதித்து விளையாடியதாகக் கீழ்வீட்டார் சொன்னார்கள் என்று போனது. அவரே அனுப்பிய மேஸ்திரியைப் பற்றி நினைவூட்டினால், "அவன் கூலிக்காரன், அவனுக்கு என்ன தெரியும்" என்றார். அந்த மேஸ்திரியிடமே விசாரித்ததில், ஹால் முழுவதையும் நல்ல டைல்ஸ் கொண்டு மாற்றினாலும் அந்தத் தொகையில் பாதியைத் தாண்டாது என்றார்.

இதைவிட மோசமான செய்தி பக்கத்து வீட்டு அக்கா வழியாக வந்தது. நாங்கள் காலி செய்த சில வாரங்களிலேயே புதிய குடும்பம் குடிவந்துவிட்டது. ஹாலில் அதே டைல்ஸ், நடுவில் பூசிய இடத்தின்மேல் ஒரு கயிற்றுப் பாய் விரித்திருக்கிறார்களாம். எங்கள் முன்பணத்தில் 62,000 ரூபாய் பிடித்த வேலை நடக்கவே இல்லை. இதைக் கேள்விப்பட்ட பிறகுதான் வழக்கறிஞரிடம் போனோம்.

சட்டத்தில் இதற்கு இடம் எங்கே என்று தெரிந்துகொண்டதையும் எழுதிவிடுகிறேன். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108ஆம் பிரிவிலேயே, குத்தகைக்கு எடுத்தவர் சொத்தைத் தாம் பெற்ற நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்றும், நியாயமான தேய்மானத்தாலும் தடுக்க இயலாத சக்தியாலும் ஏற்படும் மாற்றங்களுக்கு இதில் விலக்கு உண்டு என்றும் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த 2017இல் இயற்றப்பட்டு 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ள சட்டமும் இயல்பான தேய்மானத்தை ஒதுக்கியே பேசுகிறது. அதன் இரண்டாம் அட்டவணை யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று பிரித்துக் காட்டுகிறது: வாடகைதாரரால் ஏற்படாத கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய்களை மாற்றுதல் போன்றவை உரிமையாளருக்கு, குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை போன்றவை வாடகைதாரருக்கு. வாடகைதாரரின் பட்டியலில் தரை இல்லை. முன்பணத்தைப் பொறுத்தவரை, வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வீட்டைத் திரும்பப் பெற்ற ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கி ஏதும் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். கழித்துக்கொள்ளக்கூடியது உண்மையான பாக்கியைத்தான். யாரோ எழுதிய எஸ்டிமேட் பாக்கி ஆகாது என்பதே எங்கள் நோட்டீசின் சாரம்.

எங்கள் ஒப்பந்தம் வழக்கமான 11 மாத ஒப்பந்தம், முத்திரைத்தாளில் எழுதி ஆண்டுதோறும் புதுப்பித்தது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரான வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்திருக்கவில்லை. அங்கே போனால் முதலில் அந்தக் கேள்விதான் எழும் என்பதால், நோட்டீஸ் அனுப்பிப் பேசித் தீர்ப்பதே மேல் என்று வழக்கறிஞர் சொன்னார். பதிவு செய்யலாம் என்றால் வாடகை வருமானம் வெளியே தெரியும் என்று தயங்கும் உரிமையாளர்கள் நிறையப் பேர்; அந்தத் தயக்கத்தின் விலையைக் கொடுப்பது வாடகைதாரர்.

நோட்டீசில் பெரிதும் உதவியது அந்தப் பழைய வாட்ஸ்அப் உரையாடல்தான். திருப்பி வைத்த டைலின் படமும், "பிறகு பார்க்கலாம்" என்ற அவருடைய பதிலும் தேதியோடு இருந்தன; எங்களைக் குறைசொல்லி அன்று ஒரு வார்த்தைகூட அவர் எழுதவில்லை. அதன் பிறகு அவருடைய மருமகன் பேசவந்தார். பெயின்டுக்கு 17,000, உடைந்த ஒரு டைலுக்கு 2,000 என்று ஒப்புக்கொண்டபடி கழித்தால் இன்னும் 79,000 ரூபாய் வர வேண்டும், 60,000 வந்தது. மீதி 19,000 ரூபாய்க்காக நீதிமன்றம் ஏறி இறங்க எங்களுக்குத் தெம்பில்லை. அவருக்கும் அது தெரிந்திருந்தது.

குடிபுகும் முன் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து ஒவ்வொரு டைலின் நடுவிலும் மூலைகளிலும் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் ஒட்டியிருக்கிறது, வெற்று ஓசை வந்தால் அடியில் காலியாக இருக்கிறது. அதை வீடியோவாக எடுத்து அன்றைக்கே உரிமையாளருக்கு அனுப்பிவையுங்கள். பழைய வீடுகளில் மொசைக் தரையாக இருந்தால் ஆசிட் பட்டு வெளுத்த திட்டுகளையும், ரெட் ஆக்ஸைடு தரையாக இருந்தால் முடிபோன்ற மெல்லிய விரிசல்களையும் படம் எடுப்பது அவசியம். மரத்தரை போல ஒட்டிய லேமினேட் என்றால் பால்கனிக் கதவோரம் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். காலி செய்யும்போது சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, தரையில் இன்ன குறை அல்லது குறை ஏதும் இல்லை என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். தாளில் எழுதத் தயங்கினால் வாட்ஸ்அப்பில் நீங்கள் எழுதி அவரிடம் 'சரி' என்று வாங்கினாலும் போதும். பிடித்தம் என்று பேச்சு வந்தால், வேலை முடிந்த பிறகு ரசீதும் படமும் தந்தால்தான் கழிக்க ஒப்புக்கொள்வோம் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். பத்தாண்டு பழைய தரைக்குப் புதுத் தரையின் முழுவிலையைக் கேட்டால், அதன் வயதைக் கழித்துவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

இப்போது குடியிருக்கும் வீட்டின் ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிட்டோம். அதில் ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னோம்: "தரை ஓடுகள் தாமாக எழும்புதல், ஒட்டு விடுதல், இயல்பான தேய்மானம் ஆகியவற்றுக்கு வாடகைதாரர் பொறுப்பல்லர்; வாடகைதாரரால் சேதமடைந்த ஓடுகளுக்கு மட்டும், ரசீதின் அடிப்படையில், அந்த ஓடுகளின் அளவுக்குச் செலவு கழிக்கப்படும்." உரிமையாளரம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு, வாஷிங் மெஷினை ஸ்டாண்டு இல்லாமல் இழுத்து வரும் கீறல் எங்கள் பொறுப்பு என்று அதன் கீழே எழுதச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அன்று மாலையே ஸ்டாண்டும் வாங்கிவிட்டோம்.