ஆறு பீஸ் பாப்ளின் பாவாடை: உப்புக்காற்றுக்குத் தாங்குமா?

பாட்டிமார் ட்ரங்குப் பெட்டியில் இருக்குமே, இடுப்பில் நாடா கோத்து, கீழே நாலு அங்குல ஃப்ரில் வைத்த வெள்ளைப் பாப்ளின் உள்பாவாடை, அதை அதே வெட்டில், ஆறு துண்டு சேர்த்து (ஆறு பீஸ்) இன்றைக்கும் தைத்து வாங்கலாம். தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் உள்ள புழுக்கத்துக்கு இதை விட்டால் வேறு இல்லை. குறையெல்லாம் இடுப்பில்தான்.

36 அங்குல அகலத் துணியில் ஃப்ரில் இல்லாமல் 2.25 மீட்டர் பிடிக்கும், ஃப்ரில் வைத்தால் 2.5 மீட்டர். வெட்டுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்கச் சொல்லுங்கள். இதைச் சோம்பல்பட்டு விட்டால் இரண்டாம் சலவையிலேயே பாவாடை கணுக்காலுக்கு மேல் ஏறிவிடும். கீழ்ச்சுற்று 84 அங்குலமாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் பஸ் படி ஏறும்போதும் மணலில் எட்டி வைக்கும்போதும் காலைப் பிடிக்கும், தையலும் விடும்.

ஆடிக் காற்றில்தான் ஃப்ரிலின் அருமை தெரியும். பாம்பன் பக்கம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது சேலை முழங்காலுக்கு எழும்பும். அடியில் இரட்டை மடிப்பாகக் கனம் இருந்தால் பாவாடை கீழேயே நிற்கும். ஆனால் அந்த மடிப்பு மணலையும் வாரிக்கொள்ளும். ஈரத்தோடு தட்டினால் போகாது. காயவிட்டு, புரட்டிப் போட்டு உதறிய பிறகே நனைக்க வேண்டும். அக்னி தீர்த்தத்தில் முழுகி 22 தீர்த்தமும் ஆடப் போகிறவர்களுக்கு ஃப்ரில் வேண்டாம். நனைந்த பாப்ளின் ஏற்கெனவே கனம், காலைச் சுற்றும். அங்கே ஃப்ரில் இல்லாத அடர்நிறப் பாவாடைதான் சரி.

சாட்டின் சீக்கிரம் காயும், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் வேர்வையைக் குடிக்காது, தொடையில் ஒட்டும். பரமக்குடி காட்டன் சேலையை அதன்மேல் கட்டினால் கொசுவம் நழுவிக்கொண்டே இருக்கும். பாப்ளின் சேலையைப் பிடித்து நிறுத்தும். உடம்போடு ஒட்டுகிற ஷேப்வேர் கல்யாணத்துக்கு இரண்டு மணி நேரம் சரி. சித்திரை வெயிலில் மீன் மார்க்கெட்டுக்கா?

இனி நாடா. கடையில் கோத்துத் தருகிற மெல்லிய கயிற்று நாடாவை முதல் நாளே உருவி எறியலாம். அது தோலில் அழுந்தும், வேர்வையில் நனைந்தால் முடிச்சு இறுகி நகத்துக்கும் அவிழாது. பதிலுக்கு முக்கால் அங்குலப் பட்டை பருத்தி நாடா, இடுப்பளவுக்கு மேல் 24 அங்குலம் கூடுதலாக. நாடா ஓடுகிற இடுப்புப் பட்டியின் பின்பக்க நடுவில் நாடாவோடு சேர்த்து ஒரு தையல் போட்டுவிட்டால் துவைக்கும்போது உள்ளே ஓடாது, ஊக்கை மாட்டித் தேட வேண்டியதில்லை.

இறுக்கிக் கட்டுவது சின்ன விஷயமில்லை. நாடா வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் உரசி, ஆறாத புண்ணாகி, அதிலேயே புற்றுநோய் வந்த இரண்டு பெண்களைப் பற்றி மகாராஷ்டிரம், பீகார் மருத்துவர்கள் 2024ல் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் இதழில் எழுதியிருக்கிறார்கள். இரண்டு விரல் நுழையும் தளர்ச்சி இருக்கட்டும். முடிச்சைப் பக்கவாட்டில் போட்டு, தினமும் அரை அங்குலம் ஏற்றி இறக்கிக் கட்டுங்கள். இடுப்பில் கறுத்த கோடு செதில் விட்டாலோ, புண் ஆறாமல் நின்றாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சலவைதான் இந்தக் கரையின் தனிப் பாடு. போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, வெள்ளைப் பாவாடை சாம்பல் பூத்துப்போகும். துணியில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால் காய்ந்த பாவாடையும் சாயங்காலம் பிசுபிசுக்கும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஒரு வாளி காவிரித் தண்ணீரோ மழைத்தண்ணீரோ ஒதுக்குங்கள். ஊக்கைக் குத்தியபடியே கொடியில் போடாதீர்கள். உப்புக்காற்றில் சீக்கிரமே துருவேறி, பட்டியில் பழுப்புக் கறை இறங்கிவிடும். அதற்குப் பிளீச்சிங் போட்டால் கறை இன்னும் அழுத்தமாகும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து அலசினால் வெள்ளைத் துணியில் பெரும்பாலும் போய்விடும்.

பெட்டியிலிருந்து எடுத்த பழைய பாவாடையே கைவசம் இருந்தால், பட்டியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நாடா வெளியே வருகிற வாயோரம்தான் முதலில் நைந்திருக்கும். அங்கே மட்டும் கிழிந்தால் பாவாடையைத் தூக்கிப்போட வேண்டாம், புதுப் பாப்ளினில் 3 அங்குலத் துண்டு வெட்டிப் பட்டியை மாற்றினால் போதும். மடிப்புக் கோட்டிலேயே பொத்தென்று விட்டால் துணி செத்துவிட்டது. ஃப்ரிலை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள்.