டைனமோ அம்பாசிடருக்கு எந்த பேட்டரி?

எங்கள் வீட்டு அம்பாசிடர் மார்க் 2 மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைதான் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் ஷெட்டில்தான். போன முறை பேட்டரி படுத்துவிட்டது என்று கடைக்குப் போனேன். கடைக்காரர் சீல் போட்ட மெயின்டெனன்ஸ் ஃப்ரீ பேட்டரியை எடுத்து வைத்து, "இனிமே தண்ணி ஊத்துற வேலையே இல்ல சார்" என்றார். இன்றைய காருக்கு அது சரியான பேச்சு. பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கப் பழைய டைனமோ ஓடுகிற எங்கள் வண்டிக்கு அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது.

இன்றைய காரில் அந்த வேலையைச் செய்யும் ஆல்டர்னேட்டர் ஐடிலிங்கிலேயே கரண்ட் கொடுத்துவிடும். டைனமோ அப்படியில்லை. சிக்னலில் நிற்கும்போது டாஷ்போர்டில் அந்தச் சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்று எரிகிறதே, அப்போது ஹெட்லைட், வைப்பர் எல்லாமே பேட்டரியில்தான் ஓடுகின்றன. லூகாஸ் வகை டைனமோ நல்ல வேகத்தில் ஓடினாலும் 22 ஆம்பியர் அளவில்தான் தரும். அதைக் கட்டுப்படுத்துவது பாயின்ட், அதாவது தொட்டுப் பிரியும் முனைகள், வைத்த பழைய கட்-அவுட் பெட்டி. பாயின்ட் தேய்ந்தால் வோல்டேஜ் ஒரு நாள் குறையும், ஒரு நாள் ஏறும். ஆக, இந்த வண்டியின் பேட்டரி பாதி நாள் அரைப்பட்டினி, சில நாள் அஜீரணம். இரண்டையும் தாங்குவது எது என்றுதான் நான் பார்த்தேன்.

தண்ணீர் ஊற்றுகிற சாதா பேட்டரி தாங்கும். அதன் தட்டுகளில் ஈயத்தோடு ஆன்டிமனி கலந்திருக்கும். முழுக்க இறங்கிப்போனாலும் மெதுவாகச் சார்ஜ் போட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும். எனக்கு அதைவிடப் பெரிய காரணம், மூடியைத் திறந்து உள்ளே பார்க்கலாம். ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் விட்டு உறிஞ்சிப் பாருங்கள். ஐந்து செல் 1.250 காட்டி ஒன்று மட்டும் 1.180 காட்டினால், அந்த செல் போய்க்கொண்டிருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். குறை இல்லாமல் இல்லை. சும்மா நின்றாலே சார்ஜ் இறங்கும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. ஆசிட் ஆவியில் டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூக்கும், கீழே பேட்டரி உட்காரும் இரும்புத் தட்டு துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை பார்த்து டிஸ்டில்டு வாட்டர் விட வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகவே ஆகாது.

மெயின்டெனன்ஸ் ஃப்ரீயில் ஆன்டிமனிக்குப் பதில் கால்சியம். நிறுத்தி வைத்தாலும் சார்ஜ் அவ்வளவாக இறங்காது, டெர்மினலும் சுத்தமாக இருக்கும். ஆனால் அதற்கு 14.4 வோல்ட் அளவில் ஒழுங்கான சார்ஜ் வேண்டும். அடிக்கடி அடிமட்டம் வரை இறங்கினால் பழைய நிலைக்கு வராது. கட்-அவுட் தவறி அதிகமாகச் சார்ஜ் ஏறினால் உள்ளே வற்றும் தண்ணீரைத் திரும்ப ஊற்றவும் வழியில்லை. வண்டியை ஆல்டர்னேட்டருக்கு மாற்றிவிட்டீர்களா? அப்படியானால் தயங்காமல் இதையே வாங்குங்கள், நானும் அதைத்தான் வாங்குவேன்.

ஏஜிஎம் என்று இன்னொரு வகை பேட்டரி உண்டு, நல்ல பொருள்தான். கண்ணாடி இழைப் பாயில் ஆசிட்டை ஊறவைத்திருப்பதால் சிந்தாது, செல்ஃப் எடுக்கும்போது இழுவை பிரமாதமாக இருக்கும். பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் வோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற வண்டிக்கு அதற்காகக் காசு கொடுக்கலாம். அம்பாசிடரிலோ பேட்டரி பானெட்டுக்குள், இன்ஜின் சூட்டில் இருக்கிறது. சூடும் அதிகச் சார்ஜும்தான் ஏஜிஎம்முக்குப் பகை.

லித்தியம் பேட்டரி வேண்டாம். எடை மூன்றில் ஒரு பங்குதான் என்பது உண்மை. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியில் பத்து கிலோ குறைந்து என்ன ஆகப்போகிறது? உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் பாதுகாப்பு, வோல்டேஜ் தாறுமாறாக ஏறினால் சட்டென்று தொடர்பைத் துண்டித்துவிடும். பழைய கட்-அவுட்டோடு அதைச் சேர்த்து வைப்பது தேவையில்லாத வேலை.

ஆக, நான் வாங்கியது சாதா பேட்டரி. எந்த வகை என்று முடிவு செய்தபின், அதே கடையில் நின்று டெர்மினலையும் பாருங்கள். ஜப்பான் அளவில் வரும் சிறு பேட்டரிகளில் முனை மெலிந்திருக்கும். அம்பாசிடரின் தடித்த கிளாம்ப் அதில் இறுகாது. ஈயத் தகடு சுற்றி ஒப்பேற்றுவார்கள், அதற்குச் சம்மதிக்காதீர்கள். கிளாம்ப் தளர்ந்தால் அந்த இடம் சுடும், செல்ஃப் திணறும். தயாரித்த மாதத்தையும் கேளுங்கள். கடையில் மாதக்கணக்கில் தூங்கிய பேட்டரி விலை குறைந்தாலும் வேண்டாம்.

இன்னொன்று: பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பாசிடிவ் எர்த் உண்டு, அதாவது பாடியில் சேர்வது பிளஸ். பழைய பேட்டரியைக் கழற்றும் முன் எந்த ஒயர் பாடிக்குப் போகிறது என்று ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டி முடித்த மறுநாள் காலை, வண்டியை எடுக்கும் முன் மீட்டர் வைத்துப் பார்த்தேன். 12.6 வோல்ட். அப்புறம் பேட்டரித் தொடர்பைத் துண்டிக்கும் ஒரு கட்-ஆஃப் சுவிட்சும் போட்டுவிட்டேன். ஷெட்டில் விட்டதும் திருகி அணைத்துவிடுகிறேன். 12.4-க்குக் கீழே போனால் ராத்திரி முழுக்க மெதுவான சார்ஜ்.